மாமனார் சொன்ன பக்குவம்

குயில் கூவவில்லை.

குடுக்கையார் மறுபடியும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய கையோடு உள்ளே ஓடிவந்து, கதவுக்கு மேலே மாட்டியிருந்த அழைப்பு மணியின் மரப்பெட்டியை அண்ணாந்து பார்த்தார். தான் ஓடிவருவதற்குள் கூவி முடித்திருக்குமோ என்று ஒரு நப்பாசை.

"நான் இங்கயேதான் நிக்கிறேன். கூவலை," என்றாள் மனைவி. "நீங்க எத்தனை தடவை ஓடினாலும் அது கூவாது."

அலுவலகத்தில் அவருக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். அது தேய்ந்து குடுக்கை ஆகி, பிறகு யாரோ மரியாதை சேர்த்துக் குடுக்கையார் ஆக்கிவிட்டார்கள். லிப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறுவார். மேலே போய் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே அதே லிப்டுக்குக் காத்திருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு சாவகாசமாக இறங்குவார்கள்.

குயில் ஊமையானதும் அந்த அவசரத்தால்தான். மாமனார் வருகிறாரே என்று நேற்று ஒட்டடை அடித்தார். நாற்காலி போட்டு ஏறி நிதானமாக அடிக்காமல், தரையில் நின்றபடியே கம்பை வீசினார். கம்பு ஒட்டடையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. இப்போது பெட்டியைக் கழற்றித் திறந்து பார்த்தால், உள்ளே கழற்ற முடியாதபடி பேட்டரி பதித்த பச்சைப் போர்டில் இருந்து ஒரு சிவப்புக் கம்பி விட்டுப்போய்த் தொங்குகிறது.

"ஒரே ஒரு கம்பி!" என்றார் குடுக்கையார். "ஒரு சொட்டு ஈயம். இதுக்குப்போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிறியே."

"எங்கப்பா முதல் முதலா நம்ம வாசல்ல வந்து நிக்கப் போறாருங்க. அமுக்கிப் பாத்து சத்தம் வரலைன்னா என்ன நினைப்பாரு? நான் குடுத்த பெட்டியையே காப்பாத்தாதவன் என் பொண்ணை என்னத்தைக் காப்பாத்தறான்னுதானே நினைப்பாரு?"

குடுக்கையாருக்குச் சுருக்கென்றது. மாமனார் இந்தக் கல்யாணத்துக்கு அரை மனதோடுதான் தலையாட்டினார். காரணம் உத்தியோகமோ குணமோ அல்ல. முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போன அன்று, ஆடுகிற நாற்காலிக் காலைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று குடுக்கையார் இறங்கி, ஆடாமல் இருந்த மூன்று கால்களையும் ஆட வைத்துவிட்டார். கைவேலை தெரியாத மாப்பிள்ளை என்பது மாமனாருக்குத் தீராத குறை. கல்யாணமான பின் அவர் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. இந்தக் குயில் பெட்டியை மட்டும் அனுப்பிவைத்தார். 'என் கையாலேயே செஞ்சது' என்று போனில் ஒரு வரி.

"அப்பா கை படாத சாமான் எங்க வீட்டுல கிடையாது," என்று மனைவி பெருமையோடு சொல்வாள். "ரேடியோ நின்னு போச்சுன்னா கழட்டிப் பாப்பாரு. ஒரு ஸ்பேர் பார்ட் வாங்கணும்னு பையில போட்டுத் தூக்கிட்டுக் கிளம்புவாரு. திரும்பி வரும்போது பையே பாடிக்கிட்டு வரும்!"

போனில் பேசும்போதெல்லாம் மாமனார் முதலில் கேட்பது மகளின் நலத்தை அல்ல. "குயில் ஒழுங்கா கூவுதில்ல?" கூவுகிறது என்று கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வரும்.

அப்பேர்ப்பட்டவர் சாயங்காலம் வருகிறார்.

குடுக்கையார் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சால்டரிங் அயர்ன். எண் காட்டும் சின்னத் திரை, திருகு குமிழ், சுருள் கம்பித் தாங்கி, மஞ்சள் ஸ்பாஞ்ச், ஈயக் கம்பிச் சுருள், ஒரு டப்பா பேஸ்ட், ஒரு மாற்று முனை, தமிழிலேயே அச்சடித்த விளக்கப் புத்தகம் எல்லாம் இருந்தன. புத்தகத்தைத் தூக்கி மனைவியிடம் போட்டுவிட்டு, அவர் பிளக்கைச் செருகினார்.

"முதல்ல ஜன்னலைத் திறந்து வைக்கணுமாம், புகை மூஞ்சிக்கு வரக்கூடாதாம்," என்று மனைவி வாசிக்கத் தொடங்கினாள். ஜன்னலைத் தானே போய்த் திறந்தாள். "ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு வைக்கணும். புதுசா பழகறவங்க முன்னூத்தி அம்பது டிகிரிக்கு மேல வைக்காதீங்கன்னு போட்டிருக்கு."

"கடைசி நம்பர் என்ன?"

"நானூத்தி எம்பது."

"அவ்வளவு வரைக்கும் ஏன் வச்சிருக்கான்? வைக்கத்தானே?" குமிழை முட்டும்வரை திருகினார். "சூடு அதிகமானா வேலை சீக்கிரம் முடியும்."

சூடானதும், பேனா பிடித்துப் பழகிய கை, அயர்னைப் பேனாவைப் போலவே முனைக்குப் பக்கத்தில் பிடித்தது. அடுத்த கணம் குடுக்கையார் வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் குழாயடியில் போய் நின்றார்.

"ரப்பர் கைப்பிடிய மட்டும் பிடிக்கணும்னு படமே போட்டிருக்காங்க," என்று மனைவி படத்தைத் தூக்கிக் காட்டினாள். "அப்படியே தண்ணியில விரலை வச்சிருங்க. எடுக்காதீங்க."

தண்ணீரில் விரல் வைத்து நிற்கிற பொறுமை அவருக்கு ஏது? ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து, ஈயக் கம்பியை முனையில் வைத்து உருக்கினார். உருண்ட சொட்டை முனையிலேயே சுமந்துகொண்டு போய்ச் சிவப்புக் கம்பியின்மேல் விட்டார். புகை வந்தது. சொட்டு கம்பியைப் பிடிக்காமல் உருண்டோடிப் போய் வேறோர் இடத்தில் குந்திக்கொண்டது.

"தப்புங்க. ஈயத்தைச் சுமந்துட்டுப் போகக் கூடாதாம். முனையால அந்த இடத்தையும் கம்பியையும் சேத்துத் தொட்டுச் சூடு பண்ணணும். சூடான இடத்துல ஈயத்தை நீட்டினா அதுவே ஓடிப் பரவிக்குமாம். ரெண்டு மூணு செகண்டுக்கு மேல தொட்டுக்கிட்டே இருக்கக் கூடாது."

"இந்தப் புத்தகம் எழுதினவன் வாழ்க்கையில ஒரு குயில் பெட்டி செஞ்சிருப்பானா?" என்றார் குடுக்கையார். "செஞ்சவர் ஒருத்தர் இருக்கும்போது நான் ஏன் இவனைக் கேக்கணும்?"

"அப்பாகிட்டயா? அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இந்தப் பாடு!"

"நம்ம பெட்டின்னு சொன்னாத்தானே?"

போன் போட்டார். மாமனார் காரில் வந்துகொண்டிருந்தார்.

"குயில் ஒழுங்கா கூவுதில்ல மாப்பிள்ளை?"

"பிரமாதமா கூவுது மாமா. இது வேற விஷயம். ஆபீஸ்ல ஒரு நண்பர், பழைய கால்குலேட்டர் வச்சிருக்காரு. உள்ள கம்பி விட்டுப்போச்சாம். ஈயம் வச்சா நிக்க மாட்டேங்குதாம். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

மறுமுனையில் ஒரு செருமல்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இருங்க, இங்க வண்டிச் சத்தம் காதை அடைக்குது. நானே கூப்பிடறேன்."

குடுக்கையார் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தார்.

"முதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்," என்றார் மாமனார் கணீரென்று. "அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. சொரசொரன்னு ஆகற வரைக்கும் விடக் கூடாது."

"பாத்தியா!" என்று குடுக்கையார் மனைவியிடம் கண் சிமிட்டினார். "அடிப்படையிலேர்ந்து வர்றாரு."

"முனையை உப்புத்தாளால தேய்க்கவே கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்குங்க. மேல ஒரு பூச்சு இருக்காம். போயிடுச்சுன்னா ஈயமே ஒட்டாதாம். ஈர ஸ்பாஞ்சுல துடைச்சு, உடனே கொஞ்சம் ஈயம் பூசி வைக்கணுமாம்."

"உங்கப்பாவை விட அந்தப் புத்தகம் பெரிசா?"

அவள் புத்தகத்தை மூடினாள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான் உண்டு.

குடுக்கையார் அயர்னின் முனையைத் தேய்த்தார். போர்டையும் தேய்த்தார். தேய்த்ததில் போர்டிலிருந்த செம்புக் கோடுகளில் பாதி காணாமல் போயிற்று. நன்றாக இருந்த நீலக் கம்பியும் கையோடு வந்துவிட்டது. முனை கருத்துப்போய், ஈயத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு கம்பி இருந்த இடத்தில் இப்போது இரண்டு கம்பிகள் தொங்கின.

மறுபடியும் போன். மறுபடியும் வண்டிச் சத்தம். மறுபடியும் காத்திருப்பு.

"பசை இருக்கில்ல? அதை மெல்லிசா ரெண்டு பக்கமும் தடவணும்," என்றார் மாமனார். நடுவில் நிறுத்திப் பக்கத்தில் யாரிடமோ, "ம்... அப்புறம்?" என்றார். வழி கேட்கிறார் போலிருக்கிறது என்று குடுக்கையார் நினைத்துக்கொண்டார். "தடவிட்டு உடனே கை வைக்கக் கூடாது மாப்பிள்ளை. காய விடணும். விரலால தொட்டா ஒட்டக் கூடாது, அந்தப் பதம். உங்க நண்பர் அவசரக்காரரா இருந்தா இது சரிப்படாது."

குடுக்கையார் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டார். பேஸ்ட்டை எடுத்துப் போர்டு முழுக்க மெழுகினார். அது காய்கிற ஜாதி அல்ல. சூடு பட்டால் உருகி, ஈயத்துக்கு வழிவிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. அவருக்கு அது தெரியவில்லை. ஊதினார். மின்விசிறிக்குக் கீழே காட்டினார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தொட்டால் ஒட்டியது. துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டார், மறுபடியும் ஒட்டியது. இந்த அலைச்சலில் அயர்னைத் தாங்கியில் வைக்க மறந்து மேஜைமேல் கிடத்திவிட்டார்.

"என்னமோ கருகற வாசனை," என்றாள் மனைவி.

மேஜை விரிப்பு. மாமனாருக்காக இன்று காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தது. நட்ட நடுவில் பழுப்பாக ஒரு கோடு விழுந்து, கோட்டின் ஓரம் செவ்வென்று ஊர்ந்துகொண்டிருந்தது. மனைவி பிளக்கைப் பிடுங்கி, ஈர ஸ்பாஞ்சால் அந்த இடத்தை அமுக்கி, அயர்னைத் தாங்கியில் செருகினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கையில இல்லாதப்போ அது தாங்கியில இருக்கணும். இதைப் புத்தகம் பாத்துச் சொல்லலை. நானே சொல்றேன்."

"பூ ஜாடியை அது மேல வச்சுட்டாப் போச்சு."

"என்கிட்ட குடுங்களேன், நான் ஒரு தடவை பாக்கறேன்."

"நீயா? உனக்கென்ன தெரியும்? ஓரமா உக்காந்து எதையாவது வச்சு விளையாடு."

அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அயர்ன் ஆறும்வரை காத்திருந்து கெட்ட முனையைக் கழற்றினாள், மாற்று முனையை மாட்டினாள், முன்னூற்று ஐம்பதில் வைத்தாள், முனைக்கு ஈயம் பூசினாள். ஓட்டை டார்ச்சிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டு, சூடேற்றி, ஈயத்தை நீட்டி, எடுத்தாள். பளபளவென்று ஒரு துளி, கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவளுக்கே நம்ப முடியவில்லை.

குடுக்கையார் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் மூன்றாம் முறையாகப் போனில் இருந்தார்.

"அழுத்தணும் மாப்பிள்ளை! சும்மா தொட்டாப் பத்தாது. உள்ளங்கையால நல்லா அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருக்கணும். சந்தேகமா இருந்தா சுத்தியலால லேசா ரெண்டு தட்டு."

"சுத்தியலா மாமா?"

"லேசா."

சூடான அயர்னை உள்ளங்கையால் அழுத்த முடியாது என்பது ஏற்கெனவே பட்டுத் தெரிந்த பாடம். அதனால் மனைவியின் கையிலிருந்து அயர்னை வாங்கி, குமிழை மறுபடியும் நானூற்று எண்பதுக்குத் திருகி, கைப்பிடியில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு, கம்பியின் தலையில் அழுத்தி நின்றார். அடியில் மிச்சமிருந்த செம்பு பொருக்காகப் பெயர்ந்து வந்தது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் சாமான் ஒன்று தலை சாய்ந்தது. பிறகு சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு தட்டினார்.

பெட்டிக்கு உயிர் வந்தது.

யாரும் அமுக்காமலேயே சத்தம் போட்டது. ஆனால் குயில் அல்ல. சளி பிடித்த ஆடு ஒன்று தொலைவில் நின்று யாரையோ குறை சொல்வதைப்போல் இருந்தது, நிற்கவும் இல்லை.

"அடிக்குது! அடிக்குது!" என்று குடுக்கையார் குதித்தார்.

"அடிக்குது. நிறுத்துங்க."

"அதெப்படி நிறுத்தறது?"

நிறுத்தத் தெரியவில்லை. பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஆடு தலையணைக்கு அடியிலிருந்து கத்தியது. நாலாம் முறையாக மாமனாரை அழைத்தார்.

"நண்பர் எல்லாம் செஞ்சுட்டாரு மாமா. ஆனா சரியா வந்திருக்கான்னு சந்தேகப்படறாரு."

இந்த முறை திரும்பக் கூப்பிட்ட மாமனாரின் குரலில் தனி உற்சாகம். "அதுக்கு ஒரு சோதனை இருக்கு. தண்ணியில முக்கிப் பாக்கணும். குமிழி வந்தா வேலை சரியில்லைன்னு அர்த்தம். வரலைன்னா முடிஞ்சது கதை."

போனை வைத்துவிட்டுக் குடுக்கையார் சற்று நேரம் அசையாமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி அசையாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"தண்ணியில முக்கணுமாம்."

"என்னங்க, எனக்கென்னமோ..." என்று இழுத்தாள் மனைவி. முதல் முறையாக அவள் குரலிலும் அப்பாவைப் பற்றி ஒரு தயக்கம். "தண்ணிப் பக்கத்துல கரண்டு சாமான் எதுவும் இருக்கக் கூடாதுன்னு புத்தகத்துல..."

"செஞ்சவரே சொல்றாரு!"

அவள் அயர்னின் பிளக்கைப் பிடுங்கி, அதை எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தாள். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்பதைப்போல் இருந்தது அவள் முகம். குடுக்கையார் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மாமனாரின் அன்பளிப்பை முக்கினார். ஆடு கடைசியாக ஒரு முறை கனைத்து அடங்கியது. குமிழிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா!" என்றாள் மனைவி. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "அதுக்குள்ள வந்துட்டாரே! இப்ப என்ன பண்றது?"

குடுக்கையாரின் மூளை, தடம் புரண்டாலும் நிற்காத மூளை. சொட்டச் சொட்டப் பெட்டியை எடுத்து ஆணியில் மாட்டினார். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, இரண்டு கைகளையும் வாய்க்குக் குவித்தார்.

"என்ன பண்றீங்க?"

"அவர் அமுக்குவாரு. நான் கூவுவேன்."

கண்ணாடியில் மாமனார் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. வாசலில் நின்றார். பொத்தானைப் பார்த்தார். கை மேலே எழுந்தது.

"குக்கூ... குக்கூ... குக்கூ..." என்று குடுக்கையார் உயிரைக் கொடுத்துக் கூவினார். அசல் குயில் தோற்றது.

மாமனாரின் கை பொத்தானைத் தாண்டிப்போய், கதவைத் தட்டுவதற்காக அந்தரத்திலேயே நின்றிருந்தது.

கதவு திறந்தது. மாமனார் மருமகனைப் பார்த்தார். குவித்த கைகளை இறக்கக் குடுக்கையார் மறந்திருந்தார். பெட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் உச்சந்தலையில் விழுந்தது.

"நான் இன்னும் அமுக்கவே இல்லையே மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? குடுக்கையார் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். ஒட்டடைக் கம்பு, சிவப்புக் கம்பி, நண்பர் என்று ஒருவர் கிடையவே கிடையாது என்பது, எல்லாம். "நீங்க சொன்னதுல ஒண்ணு விடலை மாமா. உப்புத்தாள், பசை, சுத்தியல், தண்ணி, எல்லாம் வரிசையா செஞ்சேன். என் கை ராசி அப்படி. எனக்கு ஒண்ணுமே வராது. உங்க பொண்ணை ஏமாத்திக் கட்டிக்கிட்டேன்னு வேணும்னாலும் சொல்லுங்க." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் கோபப்படுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியை வாங்கிப் பார்த்தார். அவசர அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கெட்டது கெட்டுப்போச்சு, விடுங்க மாப்பிள்ளை. யாருக்குத்தான் தப்பு வராது? நாளைக்கே புதுசா ஒண்ணு வாங்கிடலாம்."

"வாங்கறதா?" என்றாள் மகள். "என்னப்பா பேசறீங்க? உங்க கையால செஞ்சது! நீங்களே சரி பண்ணிக் குடுங்க. இவரும் பாத்துக் கத்துக்கட்டும்." தண்ணீர் வாளியைத் தள்ளி வைத்து, மேஜையைத் துடைத்து, அயர்னை மாட்டி முன்னூற்று ஐம்பதில் வைத்தாள். குடுக்கையார் பயபக்தியோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமனார் உட்கார்ந்தார். எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வண்டியில் வந்த களைப்பு என்றார். தண்ணீர் கேட்டார், குடித்தார். இன்னொன்று கேட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் கையை நீட்டி அயர்னைப் பிடிக்கப் போனார். பேனா பிடிக்கிற மாதிரி, முனைக்குப் பக்கத்தில்.

"அப்பா! அங்க சூடு!" என்று மகள் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

மகள் அப்பாவையே பார்த்தாள். குடுக்கையார் தன் விரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார், மாமனாரின் விரல்களைப் பார்த்தார். மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பெட்டி படுக்கையோடு டிரைவர் உள்ளே வந்தார். சுமையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் மேஜை பட்டது. உப்புத்தாள், பசை டப்பா, சுத்தியல், கீழே வாளித் தண்ணீர். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஐயையோ, நிஜமாவே செஞ்சு பாத்துட்டீங்களா சார்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் டிரைவர். "ஈயம் எப்படிப்பா வைக்கறதுன்னு பெரியவரு வழி பூரா என்னைத் துளைச்சாரு, தெரியாதுன்னு சொன்னா வருத்தப்படுவாரேன்னு, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையான டியூப் பஞ்சர் ஒட்டறதை ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டு வந்தேன்!"